பிணையக் கடன் சட்டம்: பயிற்சிக்கு எதைப் படிக்கலாம்?

நண்பர்களே, அமெரிக்காவில் சட்டம் படிக்கிறேன். இந்தப் பருவத்தில் யூ.சி.சி. (அமெரிக்க மாநிலங்களின் பொது வணிகச் சட்டத் தொகுப்பு) ஆர்ட்டிகிள் 9, அதாவது பிணையக் கடன் பற்றிய பகுதி. பிணைய உரிமை, அதாவது ஈடாக வைத்த பொருள்மேல் கடன் கொடுத்தவருக்குள்ள உரிமை, எப்போது உருவாகிறது என்பது 9-203ஆம் பிரிவைப் படித்ததும் பிடிபட்டது. முட்டுவது முன்னுரிமையில்தான்: ஒரே பொருள்மேல் பலர் உரிமை கோரினால் யாருக்கு முதலிடம் என்பதில். முதலில் பதிவு செய்தவருக்கே முதலிடம் என்கிறார்கள். அப்புறம் பார்த்தால், இயந்திரம் வாங்கக் கடன் கொடுத்தவர் பின்னால் வந்தாலும், அது கடனாளி கைக்கு வந்த 20 நாளுக்குள் பதிவு செய்து முந்திவிடுகிறார். விற்பனைச் சரக்குக்கோ அந்த அவகாசமே கிடையாது, விதி இன்னும் கடுமை.

சட்ட வாசகத்தைக் கார்னெல் பல்கலைக்கழகத் தளத்தில் இலவசமாகப் படிக்கிறேன். எனக்கு வேண்டியது விளக்கமான விடைகளோடு கூடிய பயிற்சிக் கேள்விகள். 2022 திருத்தங்களையும் சேர்த்த புத்தகம், பழைய வகுப்புக் குறிப்பு எதுவானாலும் சரி, சொல்லுங்கள். முன்னுரிமை விதிகளை நீங்கள் எந்த வரிசையில் படித்தீர்கள் என்று சொன்னாலும் பெரிய உதவி. தேர்வு நெருங்குகிறது.