அடிச்சாம்பல் கலந்த நுரைக்கல் நடுவில் அமுங்குகிறது, மறுநாள் வெடிப்பு விடுகிறது. என்ன காரணம்?

நுரைக்கல்_ஜூரோங்:
வணக்கம். குப்பை எரியாலையின் அடிச்சாம்பலைச் சேர்த்து, சுவருக்கான எடைகுறைந்த வெப்பத்தடுப்புக் கல்லை ஜியோபாலிமர் முறையில் (சிமெண்ட் இல்லாமல், சாம்பலையும் கசடையும் காரக் கரைசலால் இறுகவைப்பது) வார்த்துப் பார்க்கிறோம். உலர் அடர்த்தி கன மீட்டருக்கு 600 கிலோ வர வேண்டும்.

ஒரு கிலோ தூளுக்கு: ஃபிளை ஆஷ் (நிலக்கரிப் பறக்கும் சாம்பல்) 500 கிராம், ஸ்லாக் (இரும்பு உலைக் கசடு) தூள் 300, 150 மைக்ரான் சல்லடையில் சலித்த அடிச்சாம்பல் 200. திரவம்: 10 மோலார் காஸ்டிக் சோடா கரைசல் 150 கிராம், மாடுலஸ் (சிலிக்காவுக்கும் சோடியம் ஆக்சைடுக்கும் உள்ள விகிதம்) 2 உள்ள சோடியம் சிலிக்கேட் கரைசல் 300 கிராம். நுரைக்க ஹைட்ரஜன் பெராக்சைடு 20 கிராம். இங்கே சிங்கப்பூரில் எடையில் 20 விழுக்காட்டுக்கு மேல் செறிவுள்ளதை வாங்கப் போலீஸ் உரிமம் வேண்டும் என்பதால் 20% கரைசல்தான். அறை வெப்பம் 30 டிகிரி.

ஐந்து நிமிடத்தில் அழகாக உப்புகிறது. கால் மணி நேரத்தில் நடுவில் இரண்டு சென்டிமீட்டர் அமுங்கிவிடுகிறது. அறுத்துப் பார்த்தால் மேலே சுண்டுவிரல் நுழையும் ஓட்டைகள், அடியில் கல் மாதிரி இறுகல். மறுநாள் மயிரிழை வெடிப்பு. ஒரு வாரத்தில் உப்புப் பூக்கிறது. எதை முதலில் மாற்றுவது?

துவாஸ்_கலவை:
முதலில் வாயுக் கணக்கைப் போடுங்கள், பாதி விடை அதிலேயே இருக்கிறது.

உங்கள் கலவையில் காய்ந்த பின் மிஞ்சும் எடை சுமார் 1.17 கிலோ. 600 அடர்த்திக்கு அது 1.95 லிட்டர் இடம் பிடிக்க வேண்டும். நுரைக்காத கூழ் ஏறத்தாழ 0.85 லிட்டர். ஆக, தேவைப்படும் வாயு 1.1 லிட்டர். 20 கிராம் கரைசலில் உள்ள பெராக்சைடு 4 கிராம். அது 30 டிகிரியில் 1.4 லிட்டருக்குச் சற்றுக் கூடுதலாக ஆக்சிஜன் தரும். கொஞ்சம் தப்பிப்போனாலும் பெராக்சைடு மட்டுமே போதும்.

ஆனால் அடிச்சாம்பலில் உலோக அலுமினியம் இருக்கிறது. எரியாலைக்குப் பின் உலோகம் பிரித்தெடுத்தாலும் பொடித்துகள்கள் தங்கிவிடும். காஸ்டிக்கில் ஒரு கிராம் அலுமினியம் 1.38 லிட்டர் ஹைட்ரஜனை விடும். உங்கள் 200 கிராம் சாம்பலில் ஒரு விழுக்காடு இருந்தால்கூட சுமார் 2.8 லிட்டர்! நீங்கள் கணக்கில் எடுக்காத இரண்டாவது நுரைப்பான் அது. ஆக்சைடும் கண்ணாடிக் கசடும் மூடிய துகள்கள் மணிக்கணக்கில் மெதுவாகக் கரையும். கல் இறுகிய பிறகும் உள்ளே வாயு பிறந்தால் வெடிக்காமல் என்ன செய்யும்?

சோதித்துப் பார்ப்பது எளிது. 20 கிராம் சாம்பல், 2 மோலார் காஸ்டிக் 100 மில்லி; குடுவையை அடைத்து, குழாயைத் தண்ணீர் நிரப்பிக் கவிழ்த்த அளவு உருளைக்குள் விடுங்கள். 24 மணி நேரம் வையுங்கள். சேரும் ஒவ்வொரு 100 மில்லி வாயுவும் 0.36 விழுக்காடு அலுமினியம். காற்றோட்டமான இடம், பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை கட்டாயம். அருகில் நெருப்பு கூடாது.

அதன் பிறகு இரண்டு வழிகள். சாம்பலை 2 மோலார் காஸ்டிக்கில் குமிழி நிற்கும்வரை ஊறவைத்து, வடித்து, அலசி, காயவைத்துச் சேர்க்கலாம். சாம்பலில் உள்ள குளோரைடு உப்பும் பெரும்பாலும் கூடவே போய்விடும். அல்லது பெராக்சைடையே விட்டுவிட்டுச் சாம்பலை நுரைப்பானாக எடுத்துக்கொள்ளலாம். இரண்டாவது மலிவு, ஆனால் லோடுக்கு லோடு அலுமினியம் மாறும். சுவருக்கான கல் என்றால் முதல் வழிதான் சரி.

கூழ்_பதம்:
துவாஸ் அண்ணன் சொன்னது வெடிப்புக்கு. அமுங்குவது வேறு காரணம்: வாயு ஐந்து நிமிடத்தில் வந்துவிடுகிறது, கூழ் இறுக அரை மணிக்கு மேல் ஆகிறது. இடைப்பட்ட நேரத்தில் குமிழிகள் ஒன்றோடொன்று கூடிப் பெரிதாகி மேலேறி உடைகின்றன. அந்த விரல் ஓட்டைகள் அதனால்தான்.

கால்சியம் ஸ்டியரேட் 5 முதல் 10 கிராம் எடுத்து உலர்தூளிலேயே கலந்துவிடுங்கள். குமிழிச் சுவர் தாங்கும். தூளும் திரவமும் கலந்தவுடன் பெராக்சைடு ஊற்றாதீர்கள். கரண்டியால் கோடு இழுத்தால் அது மூடாமல் ஒரு நொடி நிற்கும் பதம் வரும்வரை பொறுங்கள், பெரும்பாலும் பத்து நிமிடம். பிறகு ஊற்றி 20 முதல் 30 நொடி மட்டும் கலக்கி, அச்சில் பாதிக்குக் கீழே நிரப்புங்கள். நிரப்பிய அச்சைத் தொடவே கூடாது, ஒரு தட்டு தட்டினாலும் நுரை இறங்கிவிடும்.

காஸ்டிக் கரைசலை முதல் நாளே தயாரித்து ஆறவையுங்கள். சூடான கரைசலில் பெராக்சைடு கலக்கும் முன்பே பொங்கித் தீர்ந்துவிடும்.

உப்புப் பூப்பது காரம் மிஞ்சியதால். உங்கள் கலவையில் சோடியம் ஆக்சைடு தூளின் எடையில் 8 விழுக்காடு வருகிறது. 300 கிராம் ஸ்லாக் இருக்கும்போது அவ்வளவு வேண்டாம். காஸ்டிக் கரைசலை 90 கிராமாகக் குறைத்து 45 கிராம் தண்ணீர் சேருங்கள், 6.5க்கு வந்துவிடும். பிளாஸ்டிக்கில் இறுகச் சுற்றி 60 டிகிரியில் 24 மணி நேரம், பிறகு ஏழு நாள் சுற்றிய நிலையிலேயே வையுங்கள். ஏர்கான் காற்று படும் இடத்தில் திறந்து வைத்தால் ஒரு பக்கம் மட்டும் காய்ந்து அதுவே வெடிப்பைக் கொண்டுவரும்.

வெப்பக்கணக்கு:
இன்னும் ஒன்று சொல்கிறேன். அடர்த்தியையும் வெப்பக் கடத்தலையும் உலர்ந்த கல்லில் மட்டும் அளந்து மகிழ்ந்துவிட வேண்டாம். அசையாத காற்றின் கடத்தல் (வாட்/மீட்டர்·கெல்வினில்) 0.026, தண்ணீரின் கடத்தல் 0.6. நம் ஊர் ஈரப்பதத்தில் துளைகளுக்குள் ஈரம் ஏறினால் தடுப்பு போய்விடும். 100 மில்லிமீட்டர் வெளிச்சுவரில் கடத்தல் 0.12 என்றால் யூ மதிப்பு (சுவர் வழியே வெப்பம் கடக்கும் அளவு; குறைவாக இருந்தால் நல்லது) சுமார் 1.0. ஈரத்தில் 0.20 ஆனால் அது 1.5. இரண்டு நிலையிலும் அளந்து, கணக்குக்கு ஈரமான எண்ணையே எடுங்கள். வெளிப்பக்கம் பூச்சு இல்லாமல் விடாதீர்கள்.

நுரைக்கல்_ஜூரோங்:
மிக்க நன்றி. சாம்பல் ஊறவைத்த தண்ணீரைச் சமன்படுத்திக் கழிவுநீர்க் குழாயில் விடலாமா?

துவாஸ்_கலவை:
காரநீரில் ஈயமும் துத்தநாகமும் கரைந்து வெளியே வரும், அதனால் அப்படியே விடவே கூடாது. பிஎச்சை 9க்குக் கொண்டுவந்தால் இரண்டும் பெரும்பாலும் வீழ்படிவாக இறங்கும். வடிகட்டி, தெளிந்த நீரில் உலோகங்களைச் சோதித்து, எண்கள் வரம்புக்குள் இருந்தால் மட்டும் விடுங்கள். வீழ்படிவை உரிமம் பெற்ற நச்சுக்கழிவு நிறுவனத்திடம் கொடுங்கள். முடிந்த கல்லையும் உடைத்து, ஒன்றுக்குப் பத்து தண்ணீரில் 24 மணி நேரம் சுழற்றிக் கசிவுச் சோதனை செய்யுங்கள். ஆர்சனிக், மாலிப்டினம், ஆன்டிமனி மூன்றையும் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள். ஜியோபாலிமரில் சரியாகப் பிடிபடாமல் நழுவுபவை அவைதான்.