ஸ்டென்ட் வைத்த பிறகு மாத்திரையை நிறுத்தச் சொன்னவர்கள்

நெல்லை மகன்:
அப்பாவுக்கு 63 வயதில் அட்டாக் வந்து, அடைத்த ரத்தக்குழாயைத் திறந்து வைக்க ஒரு ஸ்டென்ட் (சின்னக் கம்பிவலைக் குழாய்) வைத்தார்கள். ரத்தம் கட்டாமலிருக்க ஆஸ்பிரின் 75-உம், காலையும் இரவும் டிகாக்ரெலார் 90-உம்; கொழுப்புக்கு அட்டோர்வாஸ்டாட்டின்; பிரஷருக்கும் இதயத்துக்கும் மெட்டோப்ரோலால், ராமிப்ரில். அப்பா வாத்தியாராக இருந்தவர், மாத்திரை விஷயத்தில் கறார். தொந்தரவெல்லாம் வெளியிலிருந்துதான் வந்தது.

ஆறு மாதம் இருக்கும், கடைவாய்ப்பல் சொத்தை. பார்த்த பல் டாக்டர், "ரத்தம் நிக்காது சார். ரெண்டு மாத்திரையையும் ஒரு வாரம் நிறுத்திட்டு வாங்க, எடுத்துடலாம்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டார். அப்பாவும் தலையாட்டினார். எனக்கு மனசு ஒப்பவில்லை, இதய டாக்டருக்குப் போன் போட்டேன். மனிதர் பதறிப்போனார். ஸ்டென்டின் கம்பிமேல் ரத்தக்குழாயின் உள்தோல் மூடி வளர மாதக்கணக்கில் ஆகுமாம். அதற்குள் இரண்டையும் விட்டால் ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் கட்டி அடுத்த அட்டாக் வரலாம். பொதுவாக ஒரு வருஷம் இரண்டும், அப்புறம் ஆயுசுக்கும் ஆஸ்பிரின் என்றார்.

அவர் எழுதிக்கொடுத்த கடிதத்தோடு வேறு ஒரு பல் டாக்டரிடம் போனோம். மாத்திரை எதையும் நிறுத்தாமலே பல்லை எடுத்து, தையல் போட்டு, பஞ்சைக் கடித்துக்கொண்டு உட்காரச் சொன்னார். ரத்தம் நிற்க வழக்கத்தைவிடக் கொஞ்சம் நேரமானது, அவ்வளவுதான்.

திருச்சி அக்கா:
எங்கள் வீட்டுக்காரருக்கு மூட்டுவலி. மெடிக்கல் ஷாப்பில் கேட்டால் டைக்ளோஃபெனாக் கலந்த மாத்திரையைக் கவரில் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். அட்டாக் வந்தவர் என்று யாரும் கேட்பதில்லை, இவரும் சொல்வதில்லை! அந்த ரக வலி மாத்திரை மறுபடி அட்டாக் வரும் வாய்ப்பைக் கூட்டும், ஆஸ்பிரினோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவும் வரலாம் என்று டாக்டர் சத்தம் போட்டார். இப்போது வலி வந்தால் பாராசிட்டமாலும் வெந்நீர் ஒத்தடமும்தான். அசிடிட்டிக்கு அவராக வாங்கிப் போட்ட ஓமெப்ரசோலையும் பான்டோப்ரசோலாக மாற்றினார்கள். ரத்தம் கட்டாமலிருக்க இவர் சாப்பிடும் க்ளோபிடோக்ரெலின் வேலையை ஓமெப்ரசோல் குறைத்துவிடுமாம்.

கோவை 58:
எனக்கு ராமிப்ரில் ஆரம்பித்ததிலிருந்து வறட்டு இருமல். ஆடாதொடை, சிரப், ஆவி எல்லாம் பார்த்தாயிற்று. செக்கப்பில் வாய்விட்டுச் சொன்ன பிறகு டெல்மிசார்ட்டனுக்கு மாற்றினார்கள், சில வாரத்தில் போயே போச்சு. இருமுகிறதே என்று நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் சொல்லுங்கள், மாற்று இருக்கிறது.

இன்னொன்று. நெஞ்சுவலி வந்தால் நாக்குக்கு அடியில் வைக்கும் சார்பிட்ரேட்டை உட்கார்ந்துதான் போட வேண்டும். நான் பஸ் ஸ்டாண்டில் நின்றபடியே போட்டு, பிரஷர் இறங்கித் தலை சுற்றி, பூக்கார அம்மா பிடித்துக்கொண்டார். வலி நிற்காவிட்டால் வீட்டில் காத்திருக்காமல் 108.

நெல்லை மகன்:
அக்கா, எங்கள் வீட்டு மெடிக்கல் ஷாப் அத்தைதான். போன மாதம் டெஸ்டில் கெட்ட கொழுப்பு 62. "அதான் நார்மலாயிருச்சே தம்பி, கொழுப்பு மாத்திரை எதுக்கு? ஈரலைக் கெடுத்துரும்லா" என்று அப்பாவிடம் ஒரே பாட்டு. அந்த 62 வந்ததே மாத்திரையால்தான் என்று ரிப்போர்ட்டையும் பழைய 148ஐயும் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். அட்டாக் வந்தவர்களுக்கு 70க்குக் கீழே, முடிந்தால் 55க்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறார்கள். அத்தை சமாதானமாகவில்லை. ஆனால் சாப்பாட்டுக்கு அப்பளமும் ஊறுகாயும் கொண்டுவருவதை நிறுத்தியிருக்கிறாள். கருவாடுதான் இன்னும் பேச்சுவார்த்தையில் இருக்கிறது.