டைஸ், சாப், மின்ஸ், ஸ்லைஸ்: எல்லாம் ‘வெட்டு’தானே? நாளைக் காலைக்குள் யாராவது சொல்லுங்கள்

பந்திக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். ஊரில் 8 வருடம் கல்யாணச் சமையலில் இருந்தவன். துபாயில் ஒரு ஹோட்டல் கிச்சனில் கமியாக, அதாவது கடைநிலைச் சமையல்காரனாகச் சேர்ந்து 3 வாரம் ஆகிறது. கத்தி பிடிக்க யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டாம், இங்லீஷ்தான் காலை வாருகிறது.

நேற்று சூ ஷெஃப் (தலைமை ஷெஃப்புக்கு அடுத்தவர்) 5 கிலோ வெங்காயத்தைக் காட்டி ‘டைஸ்’ என்று சொல்லிவிட்டுப் போனார். வெங்காயம் என்றாலே எனக்குப் பிரியாணி ஞாபகம்தான். நீளவாக்கில் மெலிசாக அரிந்து ட்ரே நிறையக் குவித்து வைத்தேன். கை வேகத்தைப் பாராட்டுவார் என்று நின்றால், ‘இது ஸ்லைஸ்’ என்று ட்ரேயை ஸ்டாஃப் சாப்பாட்டுப் பக்கம் தள்ளிவிட்டார். ராத்திரி எங்கள் எல்லாருக்கும் வெங்காயக் குழம்பு.

அகராதியில் பார்த்தால் கட் என்றாலும் வெட்டு, சாப் என்றாலும் வெட்டு. நாளைக்கு எனக்குக் கொடுத்திருக்கும் பட்டியல் இது:

வெங்காயம் – ஸ்மால் டைஸ் – 5 கிலோ
கேரட் – ஜூலியன் – 2 கிலோ
பூண்டு – மின்ஸ்
பார்ஸ்லி – ரஃப் சாப்
பச்சைமிளகாய் – ஸ்லிட்
மீன் – ஸ்கோர், பக்கத்துக்கு 3
மின்ஸ் – 4 கிலோ

ஸ்கோர் என்றால் எனக்குக் கிரிக்கெட்தான் தெரியும். கடைசி வரியில் எதை மின்ஸ் செய்வது என்றே போடவில்லை. பூண்டாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். காலை 6 மணிக்கு ஷிஃப்ட்.

வெந்நீர்:
யூடியூபில் ‘நைஃப் கட்ஸ்’ என்று தேடுங்கள் ப்ரோ. நிறைய இருக்கிறது.

பந்திக்காரன்:
தேடிவிட்டேன். ஆளுக்கொரு மாதிரி வெட்டுகிறார்கள், பேச்சும் புரியவில்லை. தமிழில் யாராவது சொன்னால் மண்டையில் நிற்கும்.

சட்டுவம்:
தம்பி, நீங்கள் கல்யாணச் சமையல்காரர் என்பதால் எனக்கு வேலை சுலபம். ஊரில் தலைமை சமையல்காரர் உங்களிடம் எப்படிச் சொல்லுவார்? ‘கேரட்டைப் பொரியலுக்கு நறுக்கு’, ‘அவியலுக்கு நறுக்கு’, ‘சாம்பாருக்குப் போடு’. மூன்றும் நறுக்குவதுதான். அளவு எங்கே ஒளிந்திருக்கிறது? பதார்த்தத்தின் பெயரில். அவியல் என்றதும் கை தானாக விரல் நீளத்துக்குப் போய்விடும். இங்லீஷ் கிச்சனில் பதார்த்தத்தின் பெயரைச் சொல்ல மாட்டார்கள். அளவையும் வடிவத்தையும் வினைச்சொல்லிலேயே அடைத்துவிடுவார்கள். நீங்கள் ‘எதற்கு’ என்று காத்திருந்தீர்கள், அவர் ‘எப்படி’ என்று சொல்லி முடித்துவிட்டுப் போய்விட்டார். அவ்வளவுதான் நடந்தது.

டைஸ் என்றால் எல்லாப் பக்கமும் சமமான கட்டி. ஸ்மால் டைஸ் 6 மில்லிமீட்டர், ஊறாத கொண்டைக்கடலை அளவு. மீடியம் 12, லார்ஜ் கிட்டத்தட்ட 20. லார்ஜ் என்பது நம் சாம்பார் உருளைக்கிழங்கு. 3 மில்லிமீட்டருக்கு இறங்கினால் பெயர் மாறிவிடும், ப்ரூன்வாஸ் என்பார்கள். வெந்தயத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஜூலியன் என்பது 3 மில்லிமீட்டர் கனத்தில் தீக்குச்சி மாதிரி, நீளம் 5 சென்டிமீட்டர் போல. அதையே 6 மில்லிமீட்டர் கனத்தில் வெட்டினால் பாட்டோனே. உங்கள் அவியல் காய் ஏறக்குறைய இதுதான். இந்த அளவுகள் கிச்சனுக்குக் கிச்சன் கொஞ்சம் மாறும். முதல் வெங்காயத்தை வெட்டியதும் ஷெஃப்பிடம் காட்டிவிட்டு மிச்சத்தைத் தொடுங்கள்.

வெங்காயத்தை டைஸ் போடும்போது வேர்ப்பக்கத்தை வெட்டி எறியாதீர்கள். வேர் இரண்டு பாதியிலும் இருக்கிற மாதிரி நடுவில் பிளந்து, தோலை உரித்து, வெட்டுவாயைப் பலகையில் கவிழ்த்து வையுங்கள். வேரைத் தொடாமல் நீளவாக்கில் வரிவரியாகக் கத்தியை இறக்கி, அப்புறம் குறுக்கே வெட்டிக்கொண்டு வந்தால் கட்டி கட்டியாக உதிரும். அடுக்குகளைப் பிடித்து வைத்திருப்பதே அந்த வேர்தான். பக்கவாட்டில் ஒரு வெட்டு போடச் சொல்லிப் பள்ளிகளில் கற்றுத்தருவார்கள். வெங்காயம் ஏற்கெனவே அடுக்கடுக்காக இருப்பதால் அது பெரும்பாலும் வீண் என்பது என் கட்சி. உங்கள் ஷெஃப் போடச் சொன்னால் போட்டுவிடுங்கள், வாதாட வேண்டாம்.

பழைய சிலேட்டு:
ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவன், சமையல் தெரியாது. சொல்லின் பிறப்பு தெரிந்தால் மறக்காது என்பதால் எழுதுகிறேன்.

டைஸ் என்பது பகடைதான். பகடைபோல வெட்டு என்பதே வினையானது. ஆனால் லூடோ பகடையை நினையுங்கள். நம் பித்தளைத் தாயக்கட்டை நீளமானது, அதுபோல வெட்டினால் மேலே நண்பர் சொன்ன பாட்டோனே வந்துவிடும். மின்ஸ், ‘சிறியது’ என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. மினிட் என்ற சொல்லும் அதே வேர்தான். ஸ்கோர் பழைய நார்ஸ் மொழியில் கட்டையில் போடும் வெட்டுத் தழும்பு. கோடு கீறி எண்ணிக்கை வைத்தார்கள், அதனால்தான் ஆட்டக் கணக்கும் ஸ்கோர், 20 என்ற எண்ணுக்கும் ஸ்கோர் என்றே பெயர். ஆகவே உங்கள் மீனுக்குப் பக்கத்துக்கு 3 கீறல். கிரிக்கெட் ஞாபகம் ஒன்றும் தப்பில்லை.

பந்திக்காரன்:
ஐயா, மீனுக்குக் கீறல் போட்டு மசாலா தடவுவோமே, அதுவா! இதற்கா ராத்திரி முழுக்க முழித்துக்கொண்டிருந்தேன். அப்படியென்றால் ஸ்லிட் என்ன? அதுவும் கீறல்தானே?

சட்டுவம்:
இரண்டுக்கும் நம்மிடம் ‘கீறு’தான். ஸ்கோர் மேலோடு நின்றுவிடும். ஸ்லிட் வாய் திறக்கும். மிளகாயைக் காம்போடு வைத்து நீளவாக்கில் கீறிப் போடுவீர்களே, அதுதான் ஸ்லிட். இரண்டாகப் பிரியக் கூடாது.

கொத்துச்சத்தம்:
தம்பி, நான் யாழ்ப்பாணம், ரொறன்ரோவில் 12 வருசமாகக் கிச்சினில் நிற்கிறேன். சாப் எண்டால் கத்தி மேலிருந்து விழ வேணும், ஸ்லைஸ் எண்டால் கத்தி இழுபட வேணும். கொத்து ரொட்டி போடுற சத்தத்தை நினையுங்கோ, அது சாப். பாண், அதுதான் பிரெட், வெட்டுறது ஸ்லைஸ். சாப் போட்டால் துண்டுகள் ஒரே அளவில் வராது, வரவும் தேவையில்லை. ‘ரஃப்’ எண்டும் சேர்த்திருந்தால் அளவைப் பற்றிக் கவலையே வேண்டாம். நல்ல கைக்காரருக்கு இதுதான் கஷ்டம், கை தானாகப் பொடிசாக்கிப்போடும். பார்ஸ்லியில் நாலு வெட்டோட கத்தியைக் கீழே வையுங்கோ.

பூண்டில் மட்டும் விளையாட வேண்டாம், மின்ஸ் எண்டால் பொடிப்பொடியாக வேணும். நசுங்க நசுங்கத்தான் பூண்டுக்குக் காரமும் மணமும் வரும். ஸ்லைஸ் போட்ட பூண்டு எண்ணெயில் சாதுவாகக் கிடக்கும், மின்ஸ் போட்டது சட்டியையே பிடித்துக்கொள்ளும். ரெசிப்பியில் மின்ஸ் எண்டு இருக்க நீங்கள் ஸ்லைஸ் போட்டால் ருசியே வேற.

இன்னொண்டு. அந்தக் கடைசி வரி பூண்டு இல்லை எண்டு நினைக்கிறேன். 4 கிலோ பூண்டை எந்தக் கிச்சின் ஒரு காலையில் கேட்கும்? முன்னால் பொருளின் பெயர் இல்லாமல் ‘மின்ஸ்’ தனியாக நிண்டால் அது வேலை இல்லை, பொருள். அரைச்ச இறைச்சி, உங்கட கைமா. கேட்டுப்போட்டுத் தொடுங்கோ.

வெந்நீர்:
அப்ப கிறிஸ்துமஸுக்குச் செய்யும் ‘மின்ஸ் பை’ என்கிற பலகாரத்தில் கறி இருக்குமா? நான் சைவம், போன வருடம் ரெண்டு சாப்பிட்டேன்.

பழைய சிலேட்டு:
பழைய காலத்தில் இறைச்சி சேர்த்தார்கள். இப்போது உலர்திராட்சை, ஆப்பிள், மசாலாதான். சில வீடுகளில் மாட்டுக் கொழுப்பு சேர்ப்பதுண்டு. அதை நான் விசாரித்துக்கொண்டுதான் சாப்பிடுவேன்.

வெந்நீர்:
இனிமேல் கேட்டுவிட்டே சாப்பிடுகிறேன்.

பந்திக்காரன்:
ஷிஃப்ட் முடிந்து வந்துவிட்டேன். முதல் வெங்காயத்தைத் தட்டில் வைத்துக் காட்டினேன். சூ ஷெஃப் ஒரு கட்டியை எடுத்து விரலில் உருட்டிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். 5 கிலோவும் அதே அளவில் முடித்தேன். ஜூலியனில் முதல் கால் கிலோ கொஞ்சம் தடிமன், அதை சூப்புக்கு எடுத்துக்கொண்டார்கள். பார்ஸ்லியில் அண்ணன் சொன்னதுதான் நடந்தது, கை நிற்காமல் பொடிசாக்கிவிட்டது. ‘ரஃப், ரஃப்’ என்று சிரித்துவிட்டுப் போனார்.

கடைசி வரி கைமாவேதான். வெட்டுகிற வேலையே இல்லை, குளிர் அறையிலிருந்து 4 கிலோ ஆட்டு மின்ஸை எடுத்துவந்து கீழ்த்தட்டில் வைக்க வேண்டும், அவ்வளவுதான். கேட்காமல் இருந்திருந்தால் இந்நேரம் பூண்டு உரித்துக்கொண்டிருப்பேன்.

நாளைப் பட்டியலில் ‘பீன்ஸ் – டாப் அண்ட் டெயில்’ என்று ஒன்று இருக்கிறது. பீன்ஸுக்கு ஏது வால்?

சட்டுவம்:
இரண்டு நுனியையும் கிள்ளிப் போடுங்கள் தம்பி.