டிஸ்சார்ஜ் ஆன பிறகு யாரும் வரவில்லை, உதவி தேவை

அம்மாவுக்கு 74 வயது. போன மாதம் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் செயலிழந்துவிட்டன, பேச்சும் குழறுகிறது. மருத்துவமனையிலிருந்து அனுப்பும்போது பிசியோதெரபியும் வீட்டுப் பராமரிப்புக்கு ஆளும் ஏற்பாடாகும் என்றார்கள். இதுவரை யாரும் வரவில்லை.

வார்டுக்குப் போன் செய்தால், டிஸ்சார்ஜ் ஆகிவிட்டார், இனி சமூக நலப் பிரிவைக் கேளுங்கள் என்கிறார்கள். அவர்களோ மருத்துவமனையின் மதிப்பீட்டு அறிக்கை இல்லாமல் கோப்பையே திறக்க முடியாது என்கிறார்கள். குடும்ப மருத்துவர் கொடுத்த பரிந்துரைக் கடிதமும் காத்திருப்போர் பட்டியலில் கிடக்கிறது. மின்னஞ்சல் அனுப்பியாயிற்று, நேரில் போயாயிற்று, எழுத்துமூலம் புகாரும் கொடுத்தாயிற்று. பெற்றுக்கொண்டோம் என்ற தானியங்கிப் பதில் மட்டும் வந்தது.

பக்கவாதத்துக்குப் பிறகு முதல் 3 மாதங்களில்தான் உடல் வேகமாகத் தேறும், அந்தக் காலம் காத்திருப்பிலேயே கரைகிறது என்பதுதான் என் பெரிய பயம். அப்புறம், இடுப்புக்குக் கீழே தோல் சிவந்து, விரலால் அழுத்தினாலும் வெளுக்காமல் இருக்கிறது. படுக்கைப் புண்ணின் தொடக்கம் இப்படித்தான் இருக்கும். 2 மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும், புரட்டிப் படுக்க வைக்கிறேன். தண்ணீர் குடித்தால் புரையேறுகிறது, நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரலாம் என்பதால் ஒவ்வொரு வாய்க்கும் பக்கத்திலேயே நிற்கிறேன். என் விடுப்பும் முடியப் போகிறது.

இரண்டு துறைகளும் இப்படி ஒன்றையொன்று கை காட்டியபோது அந்த மதிப்பீட்டைச் சீக்கிரம் செய்ய வைத்தவர்கள் இங்கே இருந்தால், யாரிடம், என்ன சொல்லிக் கேட்டீர்கள்?