கலைச்சொல் தேவை: வாங்கிய கடல்மீனைத் தொட்டி நீருக்குப் பழக்குவது

கையேட்டு மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

அன்புள்ள குழும நண்பர்களுக்கு வணக்கம். கடல்மீன் வளர்ப்பவர்களுக்கான சிறு கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். 'அக்ளிமேஷன்' என்ற சொல்லில் வந்து நிற்கிறேன்.

பையில் வந்த மீனை நேரே தொட்டியில் விடக்கூடாது. பையை மூடியபடியே தொட்டியில் கால் மணி நேரம் மிதக்கவிட்டால் வெப்பம் சமனாகும். பிறகு மீனைப் பை நீரோடு ஒரு வாளிக்கு மாற்றி, முடிச்சுப் போட்ட ஏர் டியூப் வழியாகத் தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். இந்த முழு வேலைக்கும் ஒரு பெயர் வேண்டும். 'தகவமைப்பு' பாடநூலில் அடாப்டேஷனுக்குப் போய்விட்டது. அது தலைமுறை தலைமுறையாக நடப்பது, இது ஒரு மணி நேரக் காரியம். குவாரன்டைனுக்குத் 'தனிமைப்படுத்தல்' இருக்கிறது, அதில் சிக்கல் இல்லை.

-----

புலவர் ஐயா எழுதியது:

அம்மா, நம்மிடமே பழைய சொல் இருக்கிறது: உடம்படுத்தல். உடம்படுதல் என்றால் ஒத்துப்போதல், இசைதல். 'உடம்பாடு இலாதவர் வாழ்க்கை' என்று குறளில் உட்பகை அதிகாரத்தின் கடைசிப் பாட்டில் வருகிறதே, அதே உடம்பாடுதான்.

இன்னும் பொருத்தமானது இலக்கணத்தில் இருக்கிறது. இரண்டு உயிர் அடுத்தடுத்து வந்தால் நேராகச் சேராது. நடுவே யகரமோ வகரமோ வந்து நிற்கும். மணி + அழகு மணியழகு ஆகிறது, பூ + அழகு பூவழகு ஆகிறது. நன்னூல் அதை உடம்படுமெய் என்கிறது. பை நீரும் தொட்டி நீரும் நேராகச் சேரமாட்டா. நடுவே சொட்டும் நீர்தான் அங்கே உடம்படுமெய். ஆகவே செயலுக்கு 'உடம்படுத்தல்', சொட்டும் நீருக்கு 'உடம்படுநீர்'. தொட்டியில் இருக்கும் உயிருக்கும் வருகிற உயிருக்கும் இடையே என்று கொண்டால் நிலைமொழி (முன்னே நிற்கும் சொல்), வருமொழி (அதோடு வந்து சேரும் சொல்) என்பவைகூட அப்படியே பொருந்தும்.

-----

கல்லூரி விலங்கியல் ஆசிரியர் எழுதியது:

ஐயா, சொல் அழகானது, மறுக்கவில்லை. ஆனால் வகுப்பில் 'மீனை உடம்படுத்து' என்று சொன்னால் மாணவர் காதில் உடம்புதான் விழும். தூய சொல்லைத் தேடி, கேட்டவருக்குப் புரியாத சொல்லில் போய் முடியக்கூடாது. என் பரிந்துரை 'நீரிணக்கம்'. இணங்கு தன்வினை, இணக்கு பிறவினை. மீன் இணங்குகிறது, நாம் இணக்குகிறோம்.

-----

அகராதிப் பணியில் இருப்பவர் எழுதியது:

'நீரிணக்கம்' என்று எழுதினால் கண் 'நீரிணை' என்று படிக்கும். இரண்டு கடலை இணைக்கும் குறுகிய நீர்ப்பகுதிக்கு அந்தச் சொல் நிலைத்துவிட்டது. கடல்மீன் பற்றிய நூலிலேயே இரண்டும் அருகருகே வந்தால் குழப்பம்தான். தவிர, 'இணங்கு' என்பதில் அடங்கிப்போகும் பொருளும் கலந்திருக்கிறது.

-----

மீன் வளர்க்கும் உறுப்பினர் எழுதியது:

ஐயா, அம்மா, எல்லோருக்கும் வணக்கம். சொல்லை முடிவுசெய்வதற்கு முன்னால் வாளிக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம்.

கடல் நீரில் கிலோவுக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. எலும்புள்ள கடல்மீனின் ரத்தத்தில் அதில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். அதனால் செவுள் வழியாக மீனின் உடல் நீர் வெளியேறிக்கொண்டே இருக்கும். மீன் கடல் நீரைக் குடித்து அதை ஈடுகட்டுகிறது, மிகுதி உப்பைச் செவுளிலுள்ள செல்கள் வெளியே தள்ளுகின்றன. விற்பவர்கள் ஒட்டுண்ணியை அடக்கவும் உப்பை மிச்சப்படுத்தவும் தொட்டியை 1.019 ஒப்படர்த்தியில் (தூய நீரோடு ஒப்பிட்ட அடர்த்தி, உப்பு கூடினால் ஏறும்) வைத்திருப்பதுண்டு. வீட்டில் பவளத்தொட்டி 1.025 இருக்கும். உவர்ப்பு குறைந்தால் மீன் ஓரளவு தாங்கும். சட்டென்று ஏறினால் தாங்காது. அன்றைக்கு நீந்தும், இரண்டு மூன்று நாளில் சாகும். 'காரணமே தெரியாமல் செத்துப்போச்சு' என்று சொல்லப்படும் மீன்களில் பல இப்படிப் போனவைதான்.

இப்போது மறுபக்கம். நெடுநேரம் பயணம் செய்த பையில் மீன் விட்ட கரியமில வாயு சேர்ந்து பி.எச். (அமில-கார அளவு) இறங்கியிருக்கும். கழிவிலிருந்து வந்த அம்மோனியா அந்த நிலையில் பெரும்பாலும் அம்மோனியமாக இருப்பதால் அவ்வளவு நஞ்சில்லை. பையைத் திறந்ததும் வாயு வெளியேறும், பி.எச். ஏறும், அம்மோனியம் நச்சு அம்மோனியாவாக மாறும். அந்த நீரில் மீனை ஒரு மணி நேரம் வைத்துச் சொட்டுவிடுவது, செவுளைச் சுட்டுக்கொண்டே உபசரிப்பதுபோல. ஆகவே சொல்லில் 'சொட்டு', 'மெல்ல' என்பவை வரவே கூடாது. அது முறைகளில் ஒன்று, அவ்வளவுதான்.

நெடுந்தூரம் வந்த மீனுக்கு நல்ல வழி: தனிமைத் தொட்டியின் உவர்ப்பை முன்கூட்டியே பை நீருக்கு ஒப்பாக வைத்துக்கொள்வது. வெப்பம் சமனானதும் பையைத் திறந்து, தாமதிக்காமல் மீனை மட்டும் எடுத்து விடலாம். பை நீரைத் தொட்டியில் ஊற்றக்கூடாது. பிறகு சில நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாக உவர்ப்பை ஏற்றலாம். விளக்கை அணைத்து, மூடியும் போட்டுவிடவேண்டும், மிரண்ட மீன் துள்ளி வெளியே விழும்.

எங்கள் பேச்சில் 'மீனைத் தண்ணிக்குப் பழக்கணும்' என்றுதான் வரும். 'பழக்கல்' போதாதா? எல்லாவற்றுக்கும் ஒட்டும். மாண்டரின் மீன் நாளெல்லாம் கோபிபாட் என்கிற நுண்ணிய உயிரிகளைப் பொறுக்கித் தின்பது. உறைந்த இரையைத் தொடாமலே மெலிந்து சாகும். அதற்குத் தேவை 'இரைப் பழக்கல்'. விற்குமிடத்தில் இரை தின்பதைக் கண்ணால் பார்த்த பிறகே அதை வாங்கவேண்டும். புதுப் பவளத்தை விளக்குக்கு மெதுவாகக் கொண்டுவருவது 'ஒளிப் பழக்கல்'.

-----

புலவர் ஐயா எழுதியது:

தம்பி சொன்னதில் ஒரு நுட்பம் இருக்கிறது. 'நீர்ப்பழக்கல்' என்று ஒற்று மிகுந்தால் நீருக்குப் பழக்கல், நான்காம் வேற்றுமை. 'நீர் குடித்தான்' போல ஒற்று மிகாமல் 'நீர் பழக்கல்' என்றால் நீரைப் பழக்கல், இரண்டாம் வேற்றுமை. தனிமைத் தொட்டியை மீனுக்கு ஏற்ப மாற்றுகிறாரே, அங்கே பழக்கப்படுவது மீனன்று, நீர்! ஒரு பகர ஒற்று இரண்டு முறைகளையும் பிரித்துக் காட்டிவிடுகிறது.

-----

விலங்கியல் ஆசிரியர் எழுதியது:

இலக்கணம் சரி, ஐயா. ஆனால் அச்சில் ஓர் ஒற்று விடுபட்டால் செய்முறையே மாறிவிடும். நீரை மாற்றும் முறைக்கு 'உவர்ப்பு ஒப்பாக்கல்' என்று தனியாக வைப்போம்.

-----

அகராதிப் பணியில் இருப்பவர் எழுதியது:

இடையில் ஒன்று. 'ஒப்படர்த்தி'யை இலங்கைப் பாடநூல்களில் படித்தவர்கள் 'தன்னீர்ப்பு' என்பார்கள். கையேடு அவர்களுக்கும் போகுமென்றால் முதல் இடத்தில் இரண்டையும் தாருங்கள். 'உவர்ப்பு' சுவைப் பெயர் என்று யாராவது எழுதுவதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: உவர்நிலம், உவர்நீர் என்று நெடுநாளாக உப்புத்தன்மை என்ற பொருளிலும் வழங்குகிறது.

-----

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

நேரமாகிவிட்டது, அச்சகத்திலிருந்து இருமுறை கேட்டுவிட்டார்கள். பொதுச்சொல் 'பழக்கல்'. தேவைப்படும் இடத்தில் நீர்ப்பழக்கல், இரைப் பழக்கல், ஒளிப் பழக்கல். தொட்டி நீரை மாற்றுவதற்கு 'உவர்ப்பு ஒப்பாக்கல்'. சொட்டுவிடுவது வெறும் 'சொட்டு முறை'. முதல் பக்கத்தில் 'அக்ளிமேட் பண்ணுவது என்று வழக்கில் சொல்வது' என்று ஒரு வரியும் சேர்க்கிறேன். நால்வர் இதற்கு இசைவு சொல்லியிருக்கிறார்கள், இருவர் பதிலே எழுதவில்லை.

-----

புலவர் ஐயா எழுதியது:

கையேடு நன்றாக வரட்டும், அம்மா. ஆனால் 'பழக்கல்' நாய்க்கும் யானைக்கும் பொது. இரண்டு நீருக்கு நடுவே நிற்கும் அந்த இடைநிலைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. மறுபதிப்பு வரும்போது 'உடம்படுநீர்' பற்றி மீண்டும் எழுதுவேன். உடம்படுமெய்க்குத் தொல்காப்பிய உரைகளில் உள்ள சான்றுகளைத் தொகுத்துத் தனி இழையாக இன்றிரவே அனுப்புகிறேன்.