சை குழி முறை யாழ்ப்பாணத்து வலிகாமச் செம்மண்ணுக்குச் சரிவருமோ?

கேள்வி: மேற்கு ஆபிரிக்க நாடான புர்கினா பாசோவில இறுகின வறண்ட நிலத்தில ‘சை’ குழி வெட்டிச் சோளம், கம்பு எடுக்கினமாம். குழி என்ன அளவு? இஞ்ச குரக்கனுக்குச் செய்யலாமோ?

‘செம்மண்தோட்டம்’ எண்ட பேரில பதில் எழுதினவர்: விட்டம் 20–40 செ.மீ., ஆழம் 10–20 செ.மீ. கோடையிலயே வெட்டி முடிக்கோணும். கிளறின மண்ணைப் பள்ளப்பக்கம் பிறை வடிவில குவியுங்கோ; மேட்டுப்பக்கம் போட்டால் ஓடிவாற தண்ணி குழிக்குள்ள இறங்காது. குழிக்கு இரண்டு கை எரு. அதைத் தேடி வாற கறையான் துளைக்கிற வழியாலதான் தண்ணி கீழ போகுது. மருந்தடிச்சுக் கொல்லாதேங்கோ!

‘கிணத்தடி’ எண்ட பேரில இன்னொருவர்: அண்ணை சொன்ன அளவு சரி. ஆனா அது ஆண்டுக்கு 300–800 மி.மீ. மழைக்கும், மேலோடு இறுகித் தண்ணி உறிஞ்சாத நிலத்துக்கும் வந்த முறை. செம்மண் தானாவே தண்ணியை இறக்கும், குழியால பெரிய லாபமில்லை. தாழ்ந்த களித்தறையில வெட்டினா கார்த்திகை மழைக்குத் தண்ணி நிண்டு வேர் அழுகும். கூலியையும் பாருங்கோ: ஹெக்டேருக்குப் பத்தாயிரம் குழி, குழிக்கு 300 கிராம் எண்டாலும் மூண்டு தொன் எரு.

கேட்டவர்: ஆட்டெருவோ, மாட்டெருவோ?

செம்மண்தோட்டம்: எதுவும் சரி, நல்லா மக்கியிருக்கோணும். பச்சை எரு போட்டு மழையும் பிந்தினா நாத்துக் கருகும்.