என்ஐசியு-ல (பச்சக் குழந்தைங்க ஐசியு) இருக்கற குறைமாச பாப்பாகிட்ட பாடலாமா? கேக்குமா அவளுக்கு?

கரூர்_பொண்ணு:
எல்லாருக்கும் வணக்கம். எனக்கு பிபி ரொம்ப ஏறிட்டதால 29 வாரத்துலயே சிசேரியன் பண்ணி பாப்பாவ எடுத்துட்டாங்க, பொறக்கறப்ப 1,100 கிராம். மொதல்ல மூச்சுக்கு காத்தழுத்தம் குடுக்கற சிபாப் மெஷின் வெச்சிருந்தாங்க, இப்ப அதை எடுத்துட்டு மூக்குல சின்ன ட்யூப்ல ஆக்சிஜன் மட்டும் போகுது, பாலும் ட்யூப்லதான். டாக்டர் நல்லா தேறி வர்றான்னு சொல்றாரு. என் கவலை வேற. உள்ள விடுற நேரத்துல கைய கழுவிட்டு கவுன் போட்டுட்டு போய் இன்குபேட்டர் முன்னாடி நிக்கறேன், நின்னு மானிட்டர்ல ஓடுற நம்பரையே பாத்துட்டு வெளிய வந்துடறேன். என் புள்ளதான்னு புத்திக்கு தெரியுது, ஆனா பாத்த உடனே உசுரே உருகிடுச்சுன்னு எல்லாரும் சொல்வாங்கல்ல, அது எனக்கு வரவே இல்ல. வீட்ல யார்கிட்டயும் இதை சொல்ல முடியல.

பக்கத்து பெட்டியில இருக்கற பாப்பாவோட அம்மா மெல்லமா ஏதோ பாடிட்டு இருந்தாங்க, எனக்கும் பாடணும்போல இருந்துச்சு, ஆனா வாய் வரல. மாமியார்கிட்ட சொன்னா தொட்டில்ல போடறதுக்கு முன்னாடியே எதுக்கு தாலாட்டு, கண்ணு பட்டுடும், சத்தத்துல குழந்தை பயந்துக்கும்ங்கறாங்க. உண்மையிலயே இவ்ளோ சின்ன குழந்தைக்கு காது கேக்குமா? பாடினா நல்லதா, தொந்தரவா? எனக்கு பாட்டும் பெருசா தெரியாது. தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

கோவை_சிஸ்டர்:
கண்ணு, நான் பச்சக் குழந்தைங்க வார்டுலதான் ரொம்ப வருஷமா வேலை பாக்கறனுங்க. கேக்கும், நல்லாவே கேக்கும். 25, 26 வாரத்துல இருந்தே காது வேலை செய்ய ஆரம்பிச்சுடும், அதுவும் வயித்துக்குள்ள இருந்தப்ப வெளிச்சத்தம் எல்லாம் மங்கலாத்தான் போயிருக்கும், உங்க குரல் மட்டும் உங்க உடம்பு வழியாவும் சேந்து போயிருக்கும். அதனால பாப்பாவுக்கு நீங்க புது ஆள் இல்லீங்க. எங்க வார்டுல அவளுக்கு புதுசு என்னன்னா அலாரம் சத்தம், இன்குபேட்டர் கதவ டப்புன்னு சாத்தற சத்தம், நாங்க பேசற பேச்சு, இதெல்லாந்தான்.

இப்ப எப்படின்னு சொல்றேன் கேளுங்க. கை கழுவி நல்லா துடைச்சு, உள்ளங்கைய தேய்ச்சு சூடாக்கிக்கோங்க. சைடுல இருக்கற வட்ட ஜன்னல சத்தமில்லாம தொறந்து ஒரு கைய தலையில, இன்னொரு கைய மடங்கின கால்ல வெச்சு அப்படியே அசையாம வெச்சிருங்க. தடவ வேண்டாம், இந்த அளவு குழந்தைக்கு தடவினா கூசும், எரிச்சலாகும், அசையாம இருக்கற கைதான் பிடிக்கும். அவ அமைதியானதும் மொதல்ல உங்க மூச்ச நிதானமாக்கிக்கோங்க, அப்புறம் ம்ம்ம்னு முனகற மாதிரி ஆரம்பிங்க, பக்கத்துல நிக்கற எனக்கே அரைகொறையா கேக்கற அளவு போதும். ஒரே மெட்டு, ஏத்த எறக்கம் ரொம்ப இல்லாம, திரும்பத் திரும்ப அதே. தினமும் பாட்ட மாத்தாதீங்க.

பாடறப்ப மானிட்டர பாக்காம அவளயே பாருங்க, இதுதாங்க முக்கியம். கண்ண மெல்ல தொறந்து உங்க பக்கம் பாத்தாலோ, கை மொகத்துக்கிட்ட வந்தாலோ, சப்பற மாதிரி வாய அசைச்சாலோ அவளுக்கு புடிச்சிருக்குன்னு அர்த்தம். விரல எல்லாம் விரிச்சுக்கிட்டா, கைய முன்னாடி நீட்டி தடுக்கற மாதிரி வெச்சா, விக்கல், தும்மல், திரும்பத் திரும்ப கொட்டாவி, மொகத்த திருப்பிக்கறது, நெறம் மாறறது, இதுல எது வந்தாலும் போதும்மான்னு சொல்றா. பாட்ட நிறுத்திடுங்க, கை மட்டும் இருக்கட்டும். பாத்துக்கிட்டே தடவிக்கிட்டே பாடிக்கிட்டேன்னு மூணையும் ஒண்ணா செஞ்சா அவளால தாங்க முடியாதுங்க. ஊசி போட்டு ரத்தம் எடுத்த உடனேயோ, குறைமாசக் குழந்தைங்களுக்கு விழித்திரைய பாக்கற ஆர்ஓபி கண் செக்கப் முடிஞ்ச உடனேயோ புதுசா எதுவும் ஆரம்பிக்காம, கைய வெச்சு மெதுவா பேசினா போதும். ட்யூப்ல பால் போறப்ப பாடறது நல்ல நேரம்.

ஃபோன்ல பாட்டு போட்டு பெட்டிக்குள்ள வெக்கறது மட்டும் வேண்டவே வேண்டாம், உள்ள அது எவ்ளோ பெருசா கேக்கும்னு நமக்கு வெளிய இருந்து தெரியாது. பெட்டி மேல விரலால தட்டறதும் அப்படித்தான்.

பொதிகைக்காத்து:
ஏம்மா, நீ எழுதினத படிச்சதும் எழுதாம இருக்க முடியல. என் மவன் எட்டாம் மாசம் ஆரம்பத்துல பொறந்தவன், இப்ப ஸ்கூலுக்கு போறான், வீட்ட ரெண்டாக்குதான். ஏழு மாசம் தங்கும் எட்டு மாசம் தங்காதுன்னு ஊர்ல ஒரு பேச்சு உண்டுல்லா, ஆஸ்பத்திரிக்கு பாக்க வந்தவங்க எல்லாம் அதத்தான் வந்து சொல்லிட்டு போனாவ. அது சுத்தப் பொய்யி, வயித்துல எத்தனை வாரம் கூட இருந்துச்சோ அத்தனைக்கு நல்லதுதான். ஆனா அந்தப் பேச்ச கேட்டு கேட்டு, இவன் மேல ஆசை வெச்சு நாளைக்கு ஒண்ணு ஆயிட்டா என்ன செய்யன்னு நானே மனச இழுத்து கட்டி வெச்சிருந்தேன். உனக்கும் அப்படித்தான் இருக்குன்னு தோணுது. அது பாசம் இல்லாம இல்லம்மா, பயம்.

எனக்கும் சினிமா பாட்டு வராது, சாமி பாட்டும் வராது. எங்க ஆச்சி பாடுத ஆராரோ ஆரிரரோ மெட்டு மட்டும் ஞாபகத்துல இருந்துச்சு. நம்மூர் தாலாட்டுல மாமன் வருவாரு அத்தை வருவான்னு சொந்தக்காரங்கள எல்லாம் வரிசையா கூப்பிடுவாங்கல்லா, அந்த மெட்டுல நானே போட்டு பாடுனேன். பாளையங்கோட்டை மாமன் பனங்கற்கண்டு கொண்டாருவான், தென்காசி சித்தி வந்தா தேரு பாக்க கூட்டிட்டு போவான்னு. உள்ள ஒருத்தரையும் விட மாட்டாங்க, அவனுக்கோ ஒரு சொந்தமும் தெரியாது, அதனால நான் ஒவ்வொருத்தரா அறிமுகப்படுத்தி வெச்சேன். அப்படி பாடயிலதான் இவன் வீட்டுக்கு வருவான், இவன தேர் பாக்க கூட்டிட்டு போவோம்னு எனக்கே நம்பிக்கை வந்துச்சு. பாசம் ஒருநாள்ல பொங்கி வரல. வீட்டுக்கு வந்து எத்தனையோ ராத்திரிக்கு அப்புறம்தான் முழுசா வந்துச்சு, வந்ததுக்கு இன்னிக்கு வரைக்கும் குறையல.

உன் மாமியாகிட்ட சண்டைக்கு போகாத. அவங்களுக்கும் பயம்தான். அவங்க வீட்ல பாடுத தாலாட்டு என்னன்னு கேட்டு எழுதி வாங்கிக்கோ.

வேளச்சேரி_அப்பா:
என் பொண்ணும் குறைமாசம், அப்ப நிறைய தேடிப் படிச்சேன், அதனால சொல்றேன். 2013ல நியூயார்க்ல ஜோஆன் லோவின்னு ஒரு மியூசிக் தெரபிஸ்ட் (பாட்டு, இசை வெச்சு சிகிச்சை தர்றவங்க) தலைமையில 11 ஆஸ்பத்திரியில 272 குறைமாச குழந்தைங்கள வெச்சு ஆராய்ச்சி பண்ணாங்க. பெத்தவங்களுக்கு நெருக்கமான ஒரு பாட்ட தாலாட்டு மாதிரி மெதுவாக்கி நேர்ல பாடினப்ப குழந்தைங்களோட இதயத்துடிப்பு நிதானமாச்சு, பெத்தவங்களோட டென்ஷனும் குறைஞ்சுது. இத்தாலியில 2021ல வந்த இன்னொரு சின்ன ஆராய்ச்சியில குதிகால்ல குத்தி ரத்தம் எடுக்கறப்ப அம்மா பக்கத்துல இருந்து பேசினா வலியோட அறிகுறி குறையுதுன்னு பாத்தாங்க, பாசத்தோட சம்பந்தப்பட்ட ஆக்சிடோசின்ங்கற ஹார்மோனும் கூடுச்சாம்.

ஆனா இதையும் சொல்லியாகணும். அஞ்சு நாட்டுல 200க்கும் மேற்பட்ட குழந்தைங்கள வெச்சு லாங்ஸ்டெப்னு ஒரு பெரிய ஆராய்ச்சி நடந்துச்சு, அதுல மியூசிக் தெரபிஸ்ட் உதவியோட பாடின குடும்பங்களுக்கும் பாடாத குடும்பங்களுக்கும் அம்மா-குழந்தை பிணைப்புல பெரிய வித்தியாசம் தெரியல. அதனால பாடலன்னா பாசம் வராதோன்னு பயப்படவே வேண்டாம். அந்த நேரத்துக்கு அவளுக்கும் உங்களுக்கும் இதமா இருக்கா, பாடுங்க. அழுகை வர்ற அன்னிக்கு சும்மா கைய வெச்சுட்டு நில்லுங்க.

நிச்சயமா பலன் உள்ளதுன்னா கங்காரு மதர் கேர் (கேஎம்சி), அதாவது பாப்பாவ தோலோட தோல் படற மாதிரி நெஞ்சுல சேத்து வெக்கறது, அதை கட்டாயம் கேளுங்க. 1978ல கொலம்பியாவுல போகோட்டாவுல, இன்குபேட்டர் பத்தாத ஆஸ்பத்திரியில டாக்டர் எட்கர் ரே ஆரம்பிச்சது. டெல்லி சஃப்தர்ஜங் ஆஸ்பத்திரியும் சேந்து 5 நாட்டுல நடந்த ஆராய்ச்சி 2021ல வந்துச்சு, 1 கிலோவுல இருந்து 1.8 கிலோ வரைக்கும் உள்ள குழந்தைங்கள பொறந்த உடனே நெஞ்சோட சேத்து வெச்சதுல முதல் 28 நாள் இறப்பு 25 சதவீதம் குறைஞ்சுது. அடுத்த வருஷமே உலக சுகாதார நிறுவனம் தினமும் 8ல இருந்து 24 மணி நேரம் வரைக்கும் வெக்கலாம்னு சொல்லிடுச்சு. ஆக்சிஜன் ட்யூப் இருக்கறதாலயே முடியாதுன்னு இல்ல, டாக்டர்கிட்ட நேரடியா கேளுங்க. உங்க வீட்டுக்காரரும் பண்ணலாம், நான் பண்ணிருக்கேன். நெஞ்சுல படுக்க வெச்சு பாடினா காதுல கேக்கறதோட நெஞ்சு அதிர்றதும் அவளுக்கு தெரியும்.

கரூர்_பொண்ணு:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பொதிகை அக்கா, பயம்னு சொன்னீங்க பாருங்க, அதை படிச்சுட்டு ரொம்ப நேரம் அழுதேன், நல்ல அழுகைதான். இன்னிக்கு சிஸ்டர் சொன்ன மாதிரி கைய வெச்சு முனகினேன், அவ விரல வாய்க்கிட்ட கொண்டு போனா. டாக்டர்கிட்டயும் கேட்டேன், நாளைல இருந்து கேஎம்சி ஆரம்பிக்கலாம்னுட்டார். ஒரே ஒரு சந்தேகம், பாடறப்ப சாச்சுரேஷன் (ரத்தத்துல ஆக்சிஜன் அளவு) எறங்கி அலாரம் அடிச்சா என்ன பண்றது?

கோவை_சிஸ்டர்:
பாட்ட நிறுத்திட்டு சிஸ்டர கூப்பிடுங்க கண்ணு, அவ்ளோதான். பாதி நேரம் கால்ல கட்டின, ஆக்சிஜன் அளக்கற ப்ரோப் நழுவிருக்கும், அது நாங்க பாத்துக்குவோம், நெறம் மாறினாலோ மூச்சு நின்ன மாதிரி இருந்தாலோ மட்டும் சத்தமாவே கூப்பிடுங்க. நாளைக்கு முன்னாடி தொறக்கற மாதிரி நைட்டி போட்டுட்டு வாங்க, பாப்பாவுக்கு தொப்பியும் சாக்ஸும் எடுத்துக்கோங்க. தலைய ஒரு பக்கமா திருப்பி, தாடை நெஞ்சுல மடங்காம இருக்கான்னு பாத்துக்கோங்க. ஒருக்கா உக்காந்தா ஒரு மணி நேரமாச்சும் எந்திரிக்கக் கூடாது, அதனால பால் பீச்சி குடுத்துட்டு, பாத்ரூம் போயிட்டு, வயிறு நெறய சாப்ட்டுட்டு வாங்க. தையல் போட்ட எடம் வலிச்சா முதுகுக்கு ஒரு தலகாணி கேளுங்க, கூச்சப்படாதீங்க.